எஃகு அச்சின் மேலாடை

பழைய மாணவருள் தொழிற்சாலைகளில் அமர்ந்திருப்போர் தத்தம் தொழிலைக் குறித்து இரண்டொரு பக்கம் வரைந்தனுப்ப வேண்டுமென்று மலராசிரியர் எழுதியிருந்தார். ஆசிரியப் பணியிலும் வழக்குமன்றத்திலும் புகழுடன் விளங்கும் நண்பர்களுக்கு அவ்வேண்டுகோள் இனிதாயிருந்திருக்கும். எமக்கோ சிறிது அச்சமே உண்டாயிற்று. இக்கல்லூரியில் இரசாயனம் பயின்று வெளியேறிய யாம் பல்லாண்டுகளாக உழைத்துவருவது, சென்னையின் புறத்தேயுள்ள ஓர் அலுமினிய வார்ப்புச் சாலையில். அங்கும் வார்க்கும் பகுதியில் அன்று. வார்ப்பதற்குரிய எஃகு அச்சுகளைப் பேணும் பகுதியில். தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கேயுள்ள ஒரு தோலை அவ்வச்சின்மேல் பூசுவதா வேண்டாவா என்பதே எம் வாழ்நாளின் பெருவழக்கு என்று சொன்னால் நகையாதார் யார்? நகைக்கட்டும். அத்தோலினால் ஒரு முதியவரின் கைகள் சுடுபடாமல் தப்பினமையை யாம் கண்ணாரக் கண்டோமாகலின், எழுதத் துணிந்தோம்.

வார்ப்பு என்றவுடன் சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகும் களிமண்ணும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அவர்கள் ஒவ்வோர் உருவத்துக்கும் ஓர் அச்சு செய்து, உலோகம் உறைந்தபின் அதனை உடைத்தெறிவர். எம் சாலையில் 'டை' என்று வழங்கும் எஃகு அச்சோ ஓரிலக்கம் முறையாயினும் உழைக்க வேண்டும். அதன் இரு பாதிகளும் இயந்திரத்தின் பெரும் பிடியால் இறுக மூடப்படும். உருகிய அலுமினியம் ஒரு கரண்டியளவு குழலில் ஊற்றப்படும். ஓர் உந்துதண்டு அதனைத் தள்ள, அது 'கேட்' என்னும் குறுகிய வாயில் வழியே நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஒரு நொடியின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த காலத்தில் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்துவிடும். உடனே வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல நூறு மடங்கு அழுத்தம் அதன்மேல் ஏறும். உறைந்ததும் அச்சு திறக்கும்; ஊசிகள் பொருளை வெளியே தள்ளும்; மசகுநீர் தெளிக்கப்படும்; அச்சு மீண்டும் மூடும். இஃது ஒரு 'ஷாட்'. இரவும் பகலும் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்றாக இது நிகழ்ந்துகொண்டேயிருக்கும்.

இதில் துன்பம் யாதெனின், அலுமினியத்துக்கு இரும்பின்மேல் உள்ள வேட்கையே. பிராணவாயுவின்மேல் அதற்குள்ள வேட்கையை நாமனைவரும் வகுப்பிற் படித்தோம். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்து எரியும் காட்சியைக் கண்டு கைகொட்டினோம். இரும்பையே அது கரைத்துண்ணும் என்பதை மட்டும் யாம் தொழிலுக்கு வந்தபின்னரே உணர்ந்தோம். உப்பு நீரிற் கரைவதுபோல இரும்பு உருகிய அலுமினியத்திற் கரையும். செண்டிகிரேடில் 655 பாகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.8 பங்கு வரையில் கரையும். வெப்பம் ஏற ஏற அவ்வளவும் ஏறும். கரையும் இடத்திலேயே இரண்டும் கூடி, ஈரணு இரும்புக்கு ஐந்தணு அலுமினியம் என்பது போன்ற கூட்டுப்பொருள்களாகும். அவை கண்ணாடிபோல் நொறுங்குபவை. எஃகில் வேரூன்றி நிற்பவை. அவற்றின்மேல் அடுத்த ஷாட்டின் அலுமினியம் பற்றும், அதன்மேல் அதற்கடுத்தது. இதனையே பட்டறையில் 'ஒட்டுப் பிடித்தது' என்பர்.

அலுமினியத்தின் இக்குணமே இயந்திரத்தின் வடிவையும் மாற்றியது. துத்தநாகம் 419 பாகையளவில் உருகும்; இரும்பையும் அவ்வளவாகத் தீண்டாது. ஆகவே உந்துதண்டை உருகிய துத்தநாகத்துள்ளேயே முழுகவைத்து வார்க்கலாம். அலுமினியத்தில் அவ்வாறு செய்யின் தண்டும் குழலும் கரைந்துபோம். 1920-களில் பிராகு நகரத்துப் பொறியாளர் ஜோசப் போலாக் என்பார் உலையை வேறாகவும் குழலை வேறாகவும் வைத்து, ஒவ்வொரு முறையும் வேண்டுமளவே ஊற்றும் இயந்திரத்தைச் செம்மையாக்கினார். அவ்வகையே இன்றும் அலுமினியத்துக்கு வழங்குவது. குழல் தப்பிற்று, ஆனால் அச்சு தப்ப வழியில்லையே!

உலோகவியலார் இதற்கு நயமானதோர் உபாயம் செய்துள்ளனர். உண்டு வந்த விருந்தினன் பந்தியில் அதிகம் உண்ணமாட்டான் அல்லவா? அதுபோல வார்ப்பு அலுமினியத்தில் முன்னரே நூற்றுக்கு ஒரு பங்களவு இரும்பைக் கலந்துவிடுவர். பசி தணிந்த உலோகம் அச்சின்மேல் அவ்வளவாகப் பாயாது. ஆனால் அவ்விரும்பே வார்த்த பொருளினுள் ஊசி ஊசியாகப் படிந்து அதனை முறியும் இயல்பினதாக்கும். இயந்திர மூடிக்கு அதனாற் கேடில்லை. மோதலைத் தாங்க வேண்டிய காரின் உடற்பகுதிக்கு அது தகாது. டெஸ்லா நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு முதல் ஒரு காரின் பின்னுடலையே பெரும் வார்ப்பாக வார்த்துவருகின்றனர். இத்தகைய உடற்பகுதிகளுக்கு இரும்பைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த உலோகங்களையே நாடுகின்றனர். இரும்பு குறையுந்தோறும் அச்சைக் காக்கும் பொறுப்பு மேலாடையின் தலையில் ஏறுகிறது.

எம் சாலையில் இருசக்கர வண்டியின் இயந்திர மூடி ஒன்றுக்குரிய அச்சு உண்டு. அதில், கேட்டுக்கு நேரெதிரே, சுண்டுவிரற் பருமனில் ஒரு 'கோர் பின்' நிற்கும். மூடியில் துளை விழுவது அதனால்தான். பாயும் உலோகம் முதலில் மோதுவது அதன் மார்பில். மெலிந்த பொருளாதலின் சூட்டை உள்ளே அனுப்பவும் அதற்கு இடமில்லை. முந்நூறு ஷாட் ஆவதற்குள் ஒட்டுப் பிடித்துவிடும். அதன்பின் வரும் மூடிகளில் துளையின் சுவர் கிழிந்து எண்ணெய் கசியும். அத்தனையும் மீண்டும் உலைக்கே போகும்.

அப்பொழுதெல்லாம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அச்சினிடையே புகுந்தவர் எம் பட்டறைப் பெரியவர். யாம் பணியில் அமர்ந்தபோதே அவர் அச்சு வேலையில் இருபதாண்டு கண்டவர். இருநூறு பாகைச் சூட்டில் நிற்கும் இரு எஃகுச் சுவர்களுக்கிடையே தோள்வரை கையை நுழைத்து, உளியால் ஒட்டைப் பெயர்த்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பளபளப்பாக்கி வெளியேறுவார். முழங்கை முதல் மணிக்கட்டு வரை அவர் கையில் தழும்பில்லாத இடம் ஒரு விரற்கடை இராது. கையுறை அணியலாகாதோ என்று யாம் ஒருமுறை வினவியதற்கு, "தம்பி, உறை போட்டால் விரலுக்குக் கண் போய்விடும்" என்றார்.

ஒட்டாதிருக்க மசகு தெளிப்பது பழைய வழி. நம் வீட்டுப் பெண்டிர் புதிய தோசைக்கல்லை எண்ணெயும் வெங்காயமும் இட்டுப் பழக்குவதை அறியாதார் யார்? அச்சுக்கும் அதுவே. முற்காலத்தில் எண்ணெயும் காரீயத்தூளும். இப்போது நீரிற் கலந்த மெழுகும் சிலிகோனும். ஆனால் தெளிக்குந்தோறும் சுடும் எஃகின்மேல் குளிர்நீர் விழுகின்றது. உலோகம் பட்டபோது மேற்றோல் விரியப் பார்க்கும். அடியிலுள்ள குளிர்ந்த பெரும்பகுதி அதனை விரியவிடாது நெருக்கும். நீர் பட்டபோது மேற்றோல் சுருங்கப் பார்க்கும். அடிப்பகுதி அதனை இழுத்துப் பிடிக்கும். நாளொன்றுக்கு ஆயிரம் முறை இவ்வாறு நெருக்குண்டும் இழுப்புண்டும், கோடையில் வறண்ட ஏரியின் அடிமண்போல அச்சின் முகம் வலைவலையாக வெடிக்கும். அவ்வெடிப்பின் பிரதி ஒவ்வொரு வார்ப்பிலும் மெல்லிய வரம்பாகப் பதியும். ஒட்டைத் தடுக்கத் தெளித்த நீர் வெடிப்பை வளர்க்கிறது. அத்தெளிப்பின் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளரைப்பற்றிப் பேசுவோர் குறைவு.

இனி மேலாடைக்கு வருவோம். அதில் இருவகை உண்டு: எஃகின் தோலையே மாற்றுவது ஒன்று, அதன்மேல் வேறு தோல் போர்த்துவது மற்றொன்று.

முதல்வகைக்கு நைட்ரைடிங் என்று பெயர். இதில் ஜெர்மனியில் எஸ்ஸென் நகரத்துக் குருப் ஆலையிலிருந்த அடால்ஃப் ஃப்ரை என்பார் 1920-களில் செய்த ஆராய்ச்சி பெயர்பெற்றது. அம்மோனியா வாயு ஐந்நூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எஃகின்மேற் படும்போது சிதைந்து, நைட்ரஜன் அணுக்கள் உள்ளே ஊறும். எம் அச்சுகள் பெரும்பாலும் 'எச் 13' என்னும் எஃகினால் ஆனவை. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குரோமியமும், சிறிது மாலிப்டினமும் வனேடியமும் உண்டு. ஊறிய நைட்ரஜன் இவற்றோடு கூடித் தோலை இருமடங்கு கடினமாக்கும். தோலை எப்போதும் நெருக்கத்திலேயே வைத்திருப்பதால் வெடிப்பும் தாமதிக்கும். மலிவானது, எந்த ஆழ்துளைக்குள்ளும் வாயு புகுமாதலின் எங்கும் பரவுவது. ஆயினும் அளவு மீறலாகாது. நெடுநேரம் வைத்துவிட்டால் மேலே வெண்படலம் ஒன்று தடித்து வளரும். அது நொறுங்கிப் புதிய வெடிப்புகளுக்குத் தாயாகும்.

இரண்டாம் வகையின் வேரை நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். காற்று நீக்கிய குழாயில் மின்சாரம் பாய்ச்சி ஒளிரச் செய்யும் கருவி அங்கு உண்டு. பல்லாண்டு பழகிய குழாயாயின், எதிர்முனையின் அருகே கண்ணாடி கறுத்திருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர். அது புகையன்று, முனையின் உலோகமே அணுவணுவாகப் பெயர்ந்து கண்ணாடியிற் படிந்ததாகும். 1852-இல் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர் இதனைக் குறிப்பிட்டார். அக்காலத்தில் குழாய்க்கு நேர்ந்த குற்றமாகக் கருதப்பட்டதே இன்று பெருந்தொழிலாயிற்று. காற்றை நீக்கிய இரும்பறையில் டைட்டானியத்தையோ குரோமியத்தையோ மின்வில்லால் ஆவியாக்கி, நைட்ரஜனை உள்ளே விட்டால், இரண்டும் கூடி எதிரே தொங்கும் அச்சுப் பாகங்களின்மேல் படலமாகப் படியும். டைட்டானியம் நைட்ரைடு பொன்னிறம். குரோமியம் நைட்ரைடு வெள்ளிநிறம். அலுமினியமும் குரோமியமும் கலந்த நைட்ரைடு சாம்பல்நிறம். பொன்னிறத்தது பார்வைக்கு அழகியது; ஆனால் அறுநூறு பாகைக்குள்ளாகவே காற்றில் அரிக்கப்பட்டுவிடும். அலுமினிய வார்ப்புக்கு மற்றவையே மேல் என்பது எம் எண்ணம்.

ஆயிரம் பாகையில் வாயுக்களைக் கொண்டே படலம் வளர்க்கும் முறையும் உண்டு. அச்சூட்டில் எஃகின் பதம் கெட்டு, மீண்டும் கடினமாக்க நேரும், அளவும் பிறழும். ஆகலின் வெற்றறை முறையே எமக்கு ஏற்றது. அது ஐந்நூறு பாகையைத் தாண்டாது. எஃகைப் பதமாக்கியபோது பட்ட சூட்டுக்கு அது கீழானது.

மூன்று அல்லது நான்கு மைக்ரான் தடிப்புள்ள இப்படலம் அலுமினியத்தை எவ்வாறு தடுக்கிறது? வலிமையினால் என்று பலர் நினைப்பர். படலம் எஃகைவிடப் பன்மடங்கு கடினமானது என்பது மெய்யே. ஓடும் உலோகத்தின் தேய்ப்பை அது தாங்குவதும் மெய்யே. ஆனால் ஒட்டைத் தடுப்பது கடினமன்று. உருகிய அலுமினியத்தில் அந்நைட்ரைடு கரைவதில்லை. உண்ண ஒன்றுமில்லாத இடத்தில் அலுமினியம் பற்றிக்கொள்வதில்லை. தாமரையிலையில் நீர் நிற்பதுபோல நின்று, உறைந்து, நீங்குகிறது. அமெரிக்காவில் கொலராடோ சுரங்கக் கல்லூரியார் பூச்சிட்ட எஃகின்மேல் உருகிய அலுமினியத்தை உறையவிட்டுச் சோதித்தபோது, அலுமினியம்–குரோமியம் நைட்ரைடு பூசியவை ஒட்டாமல் விலகி நின்றன. மசகுத் தெளிப்பைப் பெரிதும் குறைக்கலாம் என்ற நம்பிக்கை இத்தகைய சோதனைகளிலிருந்தே வளர்ந்தது.

இவ்வளவில் நிறுத்தினால் பூச்சு விற்போரின் விளம்பரத்துக்கும் இக்கட்டுரைக்கும் வேற்றுமை இராது. கறையான் புகுந்த கதவை நேயர்கள் கண்டிருப்பீர்கள். வெளியே வர்ணம் பழுதற்றிருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே வெறுமை. படலமும் அத்தகையதே. ஆவியாகும்போது தெறித்த சிறு துளிகள் படலத்தில் பதிந்து பின் உதிர்வதால் ஊசிமுனையிலும் நுண்ணிய துளைகள் உண்டாகும். அதனூடே அலுமினியம் நுழைந்து அடியிலுள்ள எஃகைத் தின்று குழி பறிக்கும். மேற்கூரை சிறிது காலம் நின்று, ஒருநாள் பொளுக்கென உட்காரும். இதனாலேயே முதலில் அளவாக நைட்ரைடிங் செய்து எஃகை உறுதியாக்கி, வெண்படலத்தைத் தேய்த்து நீக்கி, அதன்மேல் படலம் போர்த்துவது சிறந்ததாயிற்று. ஆழ்ந்து குறுகிய துளைகளுக்குள் ஆவி நேரே செல்லாதாகலின் அங்கே படலம் இராது. சூட்டு வெடிப்பையோ இப்படலம் சிறிதளவே தாமதிக்கும். அடியிலுள்ள எஃகு விரிந்து சுருங்கும்போது அதன்மேற் கிடக்கும் மெல்லிய தாள் என்ன செய்ய இயலும்?

எம் கோர் பின்னுக்கு முதன்முதல் பூச்சிட்டபோது நிகழ்ந்ததைச் சொல்வோம். சில ஆயிரம் ஷாட் வரை ஒட்டே இல்லை, மேலதிகாரிகள் மகிழ்ந்தனர். ஓர் இரவு, சிறிதளவு அலுமினியம் பின்னின் நுனியிற் படிந்திருப்பதைக் கண்ட இரவுமுறை இளைஞர் ஒருவர், வழக்கம்போல் உப்புத்தாளால் தேய்த்துவிட்டார். காலையிற் பார்த்தால் படலம் போயிற்று; ஒட்டு முன்னிலும் மிகுதி. இரும்புத் தோசைக்கல்லைத் தேய்த்துப் பழகிய கை, ஒட்டாத பூச்சுள்ள கல்லையும் கம்பிநாரால் தேய்த்ததற்கு ஒப்பாகும். அவ்விளைஞரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. தேய்க்காதே என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பூச்சு பயனற்றது என்று சாலையில் ஒரு சாரார் முடிவுகட்டினர்.

இரண்டாம் முறை பூசி அனுப்பிய பின்கள் உப்புத்தாள் படாமலே விரைவிற் கெட்டன. பூசியவர் எஃகைக் குறைகூறினார், எஃகு விற்றவர் பூச்சைக் குறைகூறினார், கடிதங்கள் தடித்தன. காரணத்தைக் கண்டவர் பெரியவர். பின்னின் உள்ளே நூல்போன்ற நீர்வழி ஒன்று உண்டு. அதன் வழியே குளிர்நீர் ஓடிச் சூட்டை வாங்கிச் செல்லும். வெளிவரும் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் சூடே வரவில்லை, நீர் உள்ளே போகாமல் பக்கவழியாகத் திரும்புகிறது" என்றார். அறுத்துப் பார்த்தோம். ஆழ்கிணற்று நீரின் சுண்ணாம்பு படிந்து நீர்வழி முக்காலும் அடைபட்டிருந்தது. கெட்டிலில் வெள்ளையாகப் படியுமே, அதே பொருள். பின்னின் மேற்பரப்பு எந்த மேலாடையும் தாங்க வேண்டிய சூட்டைக் கடந்து கொதித்துக்கொண்டிருந்தது.

நீரை மென்மையாக்கி, வழியைத் துலக்கி, மூன்றாம் முறை பூசிய பின்கள் நெடுநாள் நின்றன. ஒரு வாரம் முழுதும் பெரியவர் அச்சினிடையே கைநுழைக்க நேராமற் போயிற்று. அவ்வாரக் கடைசியில் அவர் எம் மேசையருகே வந்து அமர்ந்து, சிறிதுநேரம் பேசாதிருந்து, "இனி எனக்கு இங்கே என்ன வேலை, தம்பி?" என்று கேட்டார். அக்கேள்வி எம்மைத் திடுக்குறச் செய்தது. கை சுடாதிருப்பது அவருக்கு நன்மை என்று மட்டுமே யாம் எண்ணியிருந்தோம். சுட்ட கையினால்தான் அச்சாலையில் அவருக்கு மதிப்பு என்பதை எண்ணவில்லை. நிருவாகத்தாரில் ஒருவர் அவரது மிகைநேர ஊதியத்தை முன்னரே கணக்கிற் குறைத்திருந்தார்.

விடை தொழிலிலேயே இருந்தது. படலம் தன் கீழுள்ளதை மறைப்பதில்லை. எஃகில் ஒரு கீறலிருப்பின் படலத்திலும் அக்கீறல் எழும். மின்பொறியால் குடைந்தபோது உருகியுறைந்த தோல் சிறிது நின்றாலும் படலம் அங்கே பற்றாது உரியும். பூசுமுன் மெருகிடுவதே பூச்சின் ஆயுளில் பாதி. அம்மெருகை எம் சாலையில் அவரைப்போல் இட வல்லவர் இலர். அவர் கல்லையும் வைரப்பசையையும் கொண்டு, உலோகம் வெளியேறும் திசையிலேயே இழுத்து மெருகிடுவார். குறுக்கே ஓரிழுப்பும் இராது. இதனை யாம் மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம். சில மாத இழுபறிக்குப்பின், பூசச் செல்லும் ஒவ்வொரு பாகமும் அவர் கையொப்பமின்றிப் போகலாகாது என்று ஏற்பாடாயிற்று. மிகைநேர ஊதியத்துக்கு அது முழு ஈடன்று, அதனையும் மறைக்கவியலாது. இரவுமுறை இளைஞர் இருவர் இப்போது அவரிடம் மெருகு பயில்கின்றனர்.

அச்சு முழுவதையும் பூசிவிடலாமே என்று சாலைக்குள் இன்றும் கேட்போர் உளர். வேண்டுவதில்லை என்பது எம் துணிபு. கேட்டை நோக்கி நிற்கும் பின்களும், மெலிந்த நாக்குகளும், உலோகம் உரசித் திரும்பும் வளைவுகளும் பூச்சை வேண்டுவன. அகன்ற சமதளங்களுக்கு நைட்ரைடிங்கும் நல்ல நீர்வழியும் போதும். அங்கே பணத்தைப் பூச்சாக்குவது மழைக்கு ஒதுங்கியவனுக்குக் குடை பிடிப்பதாம். மசகுத் தெளிப்பை எவ்வளவு குறைக்கலாம் என்பதே இப்போது எம் சாலையில் நடக்கும் வழக்கு. தெளிப்பு அச்சைக் குளிர்விக்கவும் செய்கிறதாகலின், அதனைக் குறைத்தால் உள்ளிருக்கும் நீர்வழிகள் அச்சுமையையும் ஏற்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்துவருகின்றோம்; இயந்திரத்தருகே புகை மெலிந்திருப்பது மூக்குக்கே தெரிகிறது.

சென்ற திங்கள் புதிய பின்கள் பன்னிரண்டு பூசப்பட்டு வந்தன. சாம்பல்நிறத்தில் யாவும் ஒன்றுபோலவே எம் கண்ணுக்குத் தோன்றின. பெரியவர் அவற்றைச் சன்னலருகே கொண்டுபோய், உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பி, முதலில் கண்ணாலும் பிறகு உறையணியாத விரல்நுனியாலும் பார்த்தார். பத்தை ஏற்றார். இரண்டைத் திருப்பியனுப்பினோம்.